நான் சொல்லாமல் விட்ட வேண்டுகோள்

என் தோழர்களிடம் நான் பொய் சொன்னேன். அதை இன்னும் காவிக்கொண்டு திரிகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர்களின் சங்கத்துக்கு நான் செயலாளர். கூட்டங்களில் நான் முழங்குவதைக் கேட்டுக் கைதட்டியவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அந்த முழக்கத்தை நம்பாதீர்கள்!

அன்று ஓர்ஸ் ஹில்லில் எங்கள் சங்க மண்டபத்தில் கூட்டம். தமிழ்நாட்டுத் துறைமுகமொன்றில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சிலரைப் பொலிஸ் உள்ளே தள்ளியிருந்தது. அவர்களுடைய சங்கத் தலைவி மரியபுஷ்பம் தொலைபேசியில் வந்தார். ஒரே இரைச்சல். நான் காதில் வைத்துக் கேட்டு, மண்டபத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்வதாக ஏற்பாடு.

"அண்ணே, வெளியாளுங்கள வச்சு சிமெண்ட ஏத்தி அனுப்பிட்டாங்க. கப்பல் உங்க ஊருக்குத்தான் வருது. எங்க ஆளுங்கள விடுற வரைக்கும் அத எறக்காதீங்க. வேற யாருகிட்டப் போய்க் கேப்போம்?"

கடைசி வரிசையில் முன்பின் தெரியாத இருவர் அமர்ந்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியாதா என்ன? முன்பொரு தடவை விசாரணைக்கென்று என்னைக் கூட்டிப்போனதும் அப்படி இருவர்தான். பயந்தேன்... வெட்கங்கெட்ட பயம்!

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "எங்கட ஆதரவுக்கு நன்றி சொல்லுகினம்" என்றேன்.

சல்லிக் கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் தங்கராசா எழுந்தான்.

"அண்ணை, கப்பலைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ? கேட்டால் நாங்கள் ஒருத்தரும் கை வைக்கமாட்டம்."

"இல்லை" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்கும் கேட்கட்டும் என்று தொலைபேசியை உயர்த்திப் பிடித்தேனே... ஏன் பிடித்தேன்? மறுமுனையில் மரியபுஷ்பம் அழுதார். நாங்கள் சம்மதித்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார்.

கப்பல் வந்தது. இறக்கினோம். அங்கே வேலைநிறுத்தம் உடைந்தது. அவர் மறுபடி அழைத்தபோது, திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"உங்களையும் மிரட்டியிருப்பாங்க, தெரியும்ணே. அடிச்சாங்களா?"

சொல்லியிருக்கலாம்... அப்போதாவது சொல்லியிருக்கலாம்!

"ஓம் தங்கச்சி. பெரிய கரைச்சல் குடுத்திட்டாங்கள்" என்றேன்.

எங்கள்மீதான அடக்குமுறையைக் கண்டித்து அவர்கள் தங்கள் துறைமுக வாசலில் கூடி நின்றார்கள். நடக்காத அடக்குமுறை! அதற்காக மரியபுஷ்பத்தையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னும் விடவில்லை.

களைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் தங்கராசா என் முகத்தில் துப்புவான். துப்பட்டுமே என்று காலையில் நினைக்கிறேன், மத்தியானத்துக்குள் மனம் மாறிவிடுகிறது. நான் எப்போது இப்படி ஆனேன்?

இன்று பின்னேரம் அவருடைய விடுதலைக்காகக் கூட்டம். தங்கராசா கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"அண்ணை, நீங்கள்தான் பேசவேணும். அவவோட கதைச்சுப் பழகினது நீங்கள்தானே."

ஓம் என்று சொல்லிவிட்டேன்.