என் காசும் கிடக்கும் மண்

மம்பாவ் ஊரைத் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டினாற்போல் இருந்த நான்கு மனைகளை வாங்கிக் கடைவீடுகள் கட்ட எங்கள் ஆபீஸ் முதலாளி கூட்டுக்கு ஆள் சேர்த்தார். நான் அந்த ஆபீஸில் வீடு, நிலம் விற்றுக் கொடுக்கும் ஏஜெண்ட். அதுவரை பிறர் காசில் நிலம் கைமாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள், இந்த முறை என் சேமிப்பையும் போட்டேன். கணவர் தடுக்கவில்லை. யோசித்துச் செய் என்றார். நான் யோசிக்க ஆரம்பித்ததே பணம் கட்டிய பிறகுதான்.

அதிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. நீலாயில் யாருக்காவது வீடு காட்டிவிட்டுத் திரும்பினால்கூட, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் வருவேன். அங்கே ஒன்றும் நடந்திருக்காது. லாலான் புல் மட்டும் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

மூன்று மனைகள் சுலபமாக முடிந்தன. நடுவில் இருந்தது பள்ளி வேன் ஓட்டும் ஓர் அக்காவுடையது. தோட்டம் மூடியபோது அவருடைய அப்பாவுக்குக் கொடுத்த மனை. சிறு வயதில் நாங்கள் ஒரே தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தவர்கள் என்பதால் பேசி முடிக்க என்னை அனுப்பினார்கள்.

நான் போனபோது வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். விலையைச் சொன்னேன். பைப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயே சொல்லு தங்கச்சி. என் எடத்துல நீ இருந்தா விப்பியா?"

நாங்கள் சொன்ன விலை ஒன்றும் குறைச்சலில்லை. 'தாராளமா விக்கலாங்கா' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது ஏஜெண்டிடம் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம்.

"என்னைக் கேக்காதீங்கக்கா. வாங்குறவங்களோட என் காசும் கிடக்கு. வேற யாரையாச்சும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ துணியைப் பிழிந்துகொண்டே, கடன் வாங்கிப் போட்டாயா, சொந்தக் காசா என்று விசாரித்தார். சேமிப்பு முழுக்க என்றேன்.

"நீ கையில இருந்ததெல்லாம் போட்டிருக்கன்னா, இந்த எடம் ஏறும்னு உனக்குத் தெரியும் லா. அப்புறம் நான் ஏன் விக்கணும்?"

அவர் கரைத்துக் கொடுத்த ரோஸ் சிராப் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நடந்ததைச் சொன்னபோது முதலாளி கத்தவில்லை. உன் வாய்க்கு ஏன் இந்த வேலை என்று மட்டும் கேட்டார். நடு மனை இல்லாமல் கட்ட முடியாது. மற்றப் பங்குதாரர்கள் என் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். என் பங்கைத் திருப்பிக் கேட்டேன். அதை வாங்க ஆள் கிடைக்கும்வரை பொறுக்கச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னதில் வருத்தமில்லை. ஆனால் நிம்மதியும் வரவில்லை.

விலையை இரண்டு முறை கூட்டியும் அக்கா அசையவில்லை. ஒரு நாள் அவரே வேனை எங்கள் ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நிலத்தை விற்க மாட்டேன், ஆனால் கூட்டில் சேர்க்கிறேன். கட்டி முடித்ததும் முனைக் கடை எனக்கு வேண்டும் என்றார். முதலாளி காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

வக்கீல் இன்னும் பத்திரத்தை முடிக்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அக்கா தினமும் காலையில் எனக்குப் போன் செய்து ஏதாவது ஆயிற்றா என்று விசாரிக்கிறார். அவர் குரலில் பதற்றமே இருப்பதில்லை. எனக்குத்தான் பதற்றம். அந்த அழைப்பு வரக் கொஞ்சம் தாமதமானாலும், வேறு யாருக்காவது நிலத்தைப் பேசி முடித்துவிட்டாரோ என்று நானே அவரைக் கூப்பிட்டுவிடுகிறேன்.