அறுபத்துமூன்றுக்கு மேலே

மாடி வீட்டு மிக்சர்க்காரர் பொத்தானை ஒருமுறை அழுத்துவார். எண் ஏறியதா என்று பார்ப்பார். ஹெட்போனைக் காதோடு இறுக்கிக்கொண்டு காத்திருப்பார். பிறகு இன்னொரு அழுத்தல். பல் துலக்கியதும் அவருக்கு இதுதான் முதல் வேலை.

மேடைக் கச்சேரிக்காரர்களுக்கு வீட்டிலேயே ஆடியோ மிக்சர் செய்து கொடுப்பவர். அவருடைய சாலிடர் புகையைக் குடித்துக் குடித்து எங்கள் மாடிப்படிப் பல்லி இரண்டு ரேடியோ நிலையம் பிடிக்கிறது என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. திருகுகிற குமிழ் என்றாலே அவருக்கு வேப்பங்காய். “குமிழ்ல எங்க நிக்கிறோம்னே தெரியாதுக்கா. குத்துமதிப்பா திருகிக்கிட்டே இருக்கணும். நம்பர் பொய் சொல்லாது” என்பார். அவர் செய்கிற மிக்சரில் ஒலி பூஜ்யத்திலிருந்து அறுபத்துமூன்று வரை படிப்படியாக ஏறும். சின்னத் திரையில் அந்த எண் சிவப்பாக எரியும். தெருவில் அவருக்கு ‘அறுபத்துமூணு’ என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் முன்பெல்லாம் திரும்பிப் பார்த்து முறைப்பார். இப்போது திரும்புவதில்லை.

அவருக்குக் காது நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறது, சாதாரணக் காது மெஷின் சத்தமெல்லாம் போதாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதே வருஷம் மிக்சர்க்காரர் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன். மிஞ்சியது காற்றுப் போல ஒரு குரல். அதையும் சிரமப்படுத்தினால் அடியோடு போய்விடும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். எழுதிக் காட்டிப் பேசிக்கொள்ளுங்களேன் என்று அவருக்கு நானே ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். “மளிகைச் சீட்டும் எழுத்துதான், அவளும் எழுத்துதானாக்கா?” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவளுக்கென்று ஒரு மிக்சர் செய்தார். சமையலறை மேசையில் மைக்கும் எண் காட்டும் ஒரு திரையும். சுவருக்கு அந்தப் பக்கம், அவருடைய பட்டறை அறையில், பொத்தானும் ஹெட்போனும். முதல் மாதம் இருபதில் கேட்டது. அப்புறம் முப்பத்தைந்து, ஐம்பது. நடுவில் இன்னொரு ஆம்ப்ளிஃபயர் சேர்த்துப் பார்த்தார். மின்விசிறி இரைச்சல்தான் கூடி வந்து அவள் குரலை விழுங்கிற்று. போன வாரம் அறுபத்துமூன்று வந்துவிட்டது. அன்று முழுக்க அவள் வாயே திறக்கவில்லை.

இன்று காலை அவள் சமையலறைக்குப் போனேன். திரையில் எழுபத்தொன்று. பட்டறைக்குள் நுழைந்து ‘எப்படி?’ என்று எழுதிக் காட்டினேன்.

அவர் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தெருமுனை வரை கேட்கும்படி சொன்னார்: “நம்பரை மட்டும் தொண்ணூத்தொம்பது வரைக்கும் நீட்டிட்டேன்க்கா. சத்தம் அதேதான். அவகிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க. இன்னும் இடம் இருக்குன்னு நெனச்சாவது பேசட்டும்.” பிறகு நெற்றியைச் சொறிந்தார். “ஆனா ஒண்ணு, நம்பர் ஏத்தினா நெஜமாவே கொஞ்சம் தெளிவாத்தான் கேக்குது. ஏன்னு எனக்கே புரியல.”

நான் சமையலறைக்குத் திரும்பினேன். அவள் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

“மொத நாளே தெரியும்க்கா. அந்த மனுஷன் மனசுக்குள்ள நெனைக்கிறதையே வாய்விட்டுத்தான் நெனைக்கிறாரு.”

“அப்போ எப்படி சத்தம் கூடுது?”

“அவரு ஒரு நம்பர் ஏத்தினா, நான் கொஞ்சம் கிட்ட போயிடுவேன்.”

கையை எடுத்துவிட்டு, “என்னங்க, டிபன் ஆச்சு” என்றாள். மைக்கின் கம்பி வலை அவள் உதட்டில் முட்டிக்கொண்டிருந்தது.

“என்னம்மா? சரியா விழல, இரு” என்றார் அந்தப் பக்கம். எழுபத்தொன்று எழுபத்திரண்டாயிற்று.

அவளுக்கு இனி நகர இடமில்லை. தொண்டையில் இருந்த தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தாள்.