வெள்ளைக் கரை போட்ட புட்டிகள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிப்பவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்துக்குப் பரீட்சையே கிடையாது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். மூன்று பேர் சேர்ந்து ஒரு பருவம் முழுக்க நிஜமாகவே தொழில் நடத்த வேண்டும். கடைசி நாளன்று ஒரு வாடிக்கையாளர் வகுப்புக்கு வந்து, இவர்களிடம் மறுபடி வாங்குவேன் என்று சொல்ல வேண்டும். யாரும் வராவிட்டால் அந்த ஆண்டையே திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

எங்கள் அணிக்குத் தலைவி செர்வா, என் அறைத்தோழி. டெச்சிமான் ஊர்ச் சந்தையில் கிழங்கு விற்கிற தாயின் மகள். அவளுக்குக் கட்டணம் கட்டியது தாய்மாமன். எங்கள் அசாந்தி இனத்து வழக்கம் அது. மாமா இங்கே குமாசி நகரில் பழைய லாரி உதிரிபாகம் விற்கிறவர். "ஒரு பாடம் போச்சுன்னாலும் அம்மாகூடக் கிழங்குக் கூடை தூக்கப் போ" என்று சேர்த்த அன்றே சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

சனிக்கிழமையானால் குமாசியில் பாதி ஊர் சாவு வீட்டில்தான் இருக்கும். அங்கே கொடுக்கிற தண்ணீர்ப் புட்டியில் போனவரின் படத்தை ஒட்டித் தருவது எங்கள் தொழில். முதல் இரண்டு வீட்டிலும் எண்பதைத் தாண்டியவர்கள். நிறைய வாழ்ந்து போனவர்களுக்கு வெள்ளைதான் முறை. மொத்தமாக அடித்தால் மலிவு என்று பாடத்தில் படித்ததை நம்பி, வெள்ளைக் கரையும் 'நிறைவாழ்வைக் கொண்டாடுவோம்' என்ற வரியுமாக ஒரு மூட்டைத் தாளை அடித்து வைத்தாள் செர்வா. அந்த இரண்டு குடும்பமும் காரியம் முடிந்ததும் தாங்கள் பிழைக்கிற ஜெர்மனிக்கே விமானம் ஏறிவிட்டன. வகுப்புக்கு அழைக்க மிஞ்சியது மூன்றாவது வீடு, ஃப்ரெமா அம்மாவின் வீடு.

அந்த அம்மாவின் மகன் டாக்சி ஓட்டியவன். முப்பது வயதுகூட ஆகவில்லை, விபத்தில் போய்விட்டான். அப்படிப் போனவனுக்குச் சிவப்பும் கறுப்பும்தான் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் சொன்னேன். "கரையை யாருடி பாக்கப்போறா? முகத்தைத்தான் பாப்பாங்க. அடிச்ச தாளைக் குப்பையிலயா போடுறது?" என்றாள் செர்வா.

வெள்ளிக்கிழமை மதியம் கொண்டுபோய் இறக்கினோம். ஃப்ரெமா அம்மா ஒரு புட்டியை எடுத்து வெகு நேரம் பார்த்தார்.

"என் பிள்ளை செத்தது உங்களுக்குக் கொண்டாட்டமாம்மா?"

அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவ்வளவையும் திரும்ப வண்டியில் ஏற்றினோம்.

எங்கள் அணியின் மூன்றாமவன் பாரிமா வழியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தான். "விடு. எங்க சித்திய வகுப்புக்குக் கூட்டிட்டு வரேன். வாயத் தொறந்தா நிறுத்தாது. பொய்யும் சரளமா வரும்."

"உங்க சித்தி நம்மகிட்ட ஒரு புட்டியாச்சும் வாங்கினாங்களா?" என்று கேட்டாள் செர்வா.

எங்களிடத்தில் பெரிய தப்புக்கு இளவட்டம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்க முடியாது. வீட்டுப் பெரியவர் ஒருவர் மது புட்டியோடு வந்து நமக்காகக் கெஞ்ச வேண்டும். இந்த ஊரில் செர்வாவுக்கு இருந்த ஒரே பெரியவர் அந்த மாமாதான். என்னையும் இழுத்துக்கொண்டு நேரே அவர் கடைக்குப் போனாள். அவள் ஒன்றையும் மறைக்காமல் ஒப்பித்தாள்.

"இதுக்கா பணம் கட்டினேன்?" என்றார் மாமா.

"கட்டணத்தை அப்புறம் நிறுத்துங்க மாமா. நாளைக்கு அந்த அம்மா முன்னாடி மட்டும் வந்து நில்லுங்க."

அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் முழுக்க நாங்கள் மூவரும் புட்டிகளை வாளியில் ஊறவைத்துத் தாளைச் சுரண்டினோம். செர்வாவின் நகம் இரண்டு பிய்ந்தது. பிறகு சிவப்புத் துணியைக் கிழித்து ஒவ்வொரு புட்டியின் கழுத்திலும் கட்டினோம்.

விடிந்து போனால், மாமா கறுப்புத் துணி போர்த்தி, கையில் மதுவோடு, எங்களுக்கு முன்பே அந்த வீட்டு வாசலில் நிற்கிறார். பேச வேண்டியதை அவர் பேசினார். ஃப்ரெமா அம்மா மதுவை வாங்கிக்கொண்டு, எங்களை உள்ளே விட்டார். செர்வா அன்று பொழுது சாய்கிறவரை வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாள். வகுப்பைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. மாமாவும் கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து அவளே போய் வகுப்புக்கு அழைத்தாள். நான் நம்பவில்லை. கடைசி நாளன்று ஃப்ரெமா அம்மா துக்கச் சிவப்பிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். விரிவுரையாளர் ஒஃபோசு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இவங்ககிட்ட மறுபடி வாங்குவீங்களாம்மா?"

"மாட்டேன் சார். எனக்கு இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, அதுங்க நல்லா இருக்கணும்."

பாரிமா தலையில் கை வைத்துவிட்டான். செர்வா மட்டும் குனியாமல் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதது நான்தான்.

ஃப்ரெமா அம்மா எழுந்தார். "எனக்கும் வயசாகுது. நான் போறப்ப இந்தப் பொண்ணுதான் தண்ணி கொண்டுவரணும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றவர், செர்வா பக்கம் திரும்பினார். "எனக்கு வெள்ளையே ஒட்டும்மா."