அண்ணன் காதுக்கு நான் வைத்த ஸ்பீக்கர்கள்

எங்கள் இராயபுரம் பகுதியில் மைக் செட் கடை போட்டுக் காட்டியவன் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய இதே தோளில்தான் முதல் ஆம்ப்ளிஃபயரைச் சுமந்து வந்தேன். மாதா கோயில் திருவிழாவுக்குத் தெருவிலிருந்து கடற்கரை வரைக்கும் லைன் இழுத்தேன். வாடகைக்குப் படம் காட்டப் பதினாறு எம்.எம். மெஷின் வாங்கினேன். ஓலை வீட்டைப் பிரித்துப் போட்டுச் சிமெண்டுக் கூடம் கட்டினேன். எல்லாம் நாலாம் வகுப்போடு நின்ற பையன் செய்தது. எனக்குச் சால்டரிங் வைக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, விரலைச் சுட்டுக்கொண்டு நானே படித்தேன்.

இப்போது பிள்ளைகள் கூடத்தில் சுற்றிலும் ஸ்பீக்கர் மாட்டிவிட்டு என்னமோ புதுசு என்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்திலேயே என் கூடத்தில் நாலு மூலையிலும் மாட்டியாகிவிட்டது. ஆடம்பரத்துக்காக மாட்டவில்லை. என் அண்ணன் கடலில் போய் விழுந்துவிடக் கூடாதே என்று மாட்டினேன்.

அண்ணனுக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பாய்லர் பட்டறையில் வேலை. தகடுகளைச் சேர்க்க, நெருப்பில் பழுத்த ரிவெட் ஆணியை ஓட்டையில் விட்டு, வெளியே ரெண்டு பேர் சம்மட்டி போடுவார்கள். பாய்லருக்கு உள்ளே ஒருத்தன் குந்திக்கொண்டு, ஒரு கனத்த இரும்பை அதன் தலையில் கொடுத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அண்ணனுக்குச் சின்ன உடம்பு. அதனால் எப்போதும் உள்ளே போகிற ஆள் அவர்தான். அந்த இரும்புப் பீப்பாய்க்குள் பல வருஷம் குந்தி, காது போய்விட்டது.

அதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் தெரியுமா. சினிமா பார்த்துவிட்டு வந்தால் தெருமுனையில் நின்று காமெடி வசனம் முழுவதையும் அதே குரலில் பேசிக் காட்டுவார். வலை பின்னுகிற பெண்கள் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். காது போனதும் பேச்சும் நின்றது. கல்யாணம், காட்சி எதற்கும் வருவதில்லை. ஷிப்டு முடிந்தால் நேரே அலைத்தடுப்புக் கல்லுக்குப் போய், கடைசிக் கல்லில் உட்கார்ந்துவிடுவார். அலை காலில் அடிக்கும், எழுந்திருக்க மாட்டார்.

அண்ணி ஒரு நாள் என் கடைக்கு வந்தாங்க. கடைக்கு வருகிற வழக்கமே இல்லாதவங்க.

"தம்பி, நேத்து இன்னா சொன்னாரு தெரியுமா. நான் இல்லாங்காட்டி உங்களுக்கு ஒண்ணும் கொறஞ்சிபூடாதுன்னாரு. எனக்குப் பயமா கீது. நீதான் சத்தத்தையே தொழிலா வச்சிக்கினுகீறியே, அவரு காதுல ஏதாவது வுழுற மாதிரி பண்ணக் கூடாதா?"

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தோம். நரம்பு போச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆகவே பொறுப்பு என் தலையில் வந்தது. நான் பொறுப்புக்குப் பயப்படுகிறவன் இல்லை.

காது கேட்காதவருக்குச் சத்தம் வேண்டும், இது என் கணக்கு. கடையில் இருந்ததில் நல்ல குழாய் ஸ்பீக்கராக நாலு எடுத்தேன். திருவிழாவில் ஒன்று கட்டினால் ரெண்டு தெரு கேட்கும். கூடத்தின் நாலு மூலையிலும் கட்டி, நாலின் வாயையும் நடுவில் போட்ட நாற்காலியைப் பார்த்துத் திருப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஜன்னலைக் கோணியால் மூடி, அவருக்குப் பிடித்த காமெடிப் படத்தைப் போட்டேன்.

ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருப்பினதும் தெருவே வாசலில் கூடிவிட்டது. மீன் விற்கிற ஆயா ஒருத்தி கோணியை விலக்கித் தலையை நீட்டினாள். "இன்னா நைனா, சத்தத்த எங்களுக்குக் குடுத்துட்டுப் படத்த நீயே பாக்குறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெருமையாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் ரெண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, தலையை முழங்காலில் வைத்துக் குனிந்திருந்தார். சட்டை முதுகு முழுக்க வேர்வை. நான் மெஷினை நிறுத்துவதற்குள் எழுந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

எங்கே போவார் என்று தெரியும். செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினேன். அதே கடைசிக் கல். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டை நுனியைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

அலையைப் பார்த்தபடியே அவர் பேசினார். "டேய், எனக்குச் சத்தம் பத்தலன்னு எவன்டா சொன்னான்? என் மண்டைக்குள்ள எந்நேரமும் சம்மட்டி அடிச்சிக்கினே கீது. சத்தம் கீதுடா, பேச்சுதான் இல்ல. வேலைல ஒரு பாய்லரு. அது போதாதுன்னு வூட்டாண்டயும் ஒண்ணு கட்டி என்னை உள்ள குந்த வச்சிட்டியே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாலு பக்கமும் வெறும் சிமெண்டுச் சுவர், நாலு பக்கமும் குழாய். சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து வார்த்தையையெல்லாம் நசுக்கிவிடும். மைக் செட் கடைக்காரன் எவனும் இதைத்தான் செய்திருப்பான். எங்கள் தொழிலில் தெருக்கோடி வரைக்கும் கேட்டால் வேலை சுத்தம். பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன கேட்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

நான் விட்டுவிடவில்லை. அடுத்த ஞாயிறு அவரை மூர் மார்க்கெட்டுக்கு இழுத்துப்போனேன். பழைய ரேடியோவில் கழற்றிய காகித ஸ்பீக்கர்கள் அங்கே குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் கடைக்காரர் தன் ரேடியோவில் மாட்டிச் செய்தி போட, அண்ணன் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கும்மென்று இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டார். நாலைந்து போனதும் கடைக்காரர் சலித்துக்கொண்டார்.

"இன்னா மாமு, உங்க அண்ணாத்தை ஸ்பீக்கர் பாக்குறாரா, பொண்ணு பாக்குறாரா?"

கொஞ்சம் கீச்சென்று பேசுகிற ஒன்று வந்தபோது அண்ணன் கையைத் தூக்கினார். "இதுல பொம்பள பேசுது" என்றார். அதே வகையில் தேடித் தேடி நாலு வாங்கினேன்.

கப்பலில் வந்த பெட்டிகளின் பலகையை வாங்கி நானே அறுத்து, உள்ளே கந்தல் துணி திணித்துப் பெட்டி அடித்தேன். சுவர் தெரியாதபடி சுற்றிலும் கோணியும் பாயும் தொங்கவிட்டேன். வீடு தானியக் கிடங்கு மாதிரி ஆனது, என் பெண்சாதி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ரெண்டு பெட்டியை ஸ்டூல் மேல், அண்ணன் உட்கார்ந்தால் காது உயரத்துக்கு, முன்பக்கம் வலமும் இடமுமாகக் கை எட்டுகிற தூரத்தில் வைத்தேன். மற்ற ரெண்டையும் அவருக்குப் பின்னால் வைக்கப் போனேன்.

"பின்னாடி வேணாம்டா. பின்னாடி சத்தம் வந்தா முதுவுல அடிக்கிற மாதிரியே கீது."

சரியென்று அந்த ரெண்டையும் கூடத்தின் கடைசிக்குக் கொண்டுபோய், அங்கே சுவரோரம் உட்காருகிற எங்களைப் பார்த்து வாயைத் திருப்பி, சத்தத்தைச் சிறிசாக்கினேன். அவருக்கு ரெண்டு, குடும்பத்துக்கு ரெண்டு.

அதே படத்தைப் போட்டேன். முதல் ரீலில் அவர் முகத்தில் ஒன்றுமில்லை. அண்ணி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. ரெண்டாவது ரீலில் காமெடிக்காரன் மாமனார் வீட்டில் திருட்டுத்தனமாகச் சோறு தின்கிற இடம். நாங்கள் சிரித்து முடித்த பிறகு அண்ணன் தனியாகச் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கையைச் சுற்றினார். "திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். இந்தத் தடவை அந்த ஆளோடு சேர்ந்து அவரும் வசனத்தைச் சொன்னார், அதே குரலில். பாதி வார்த்தை அவர் மனசிலிருந்து வந்திருக்கும், அது எனக்குத் தெரியும். அண்ணி எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டாங்க.

காது அதற்கு மேல் தேறவில்லை. வருஷம் ஆக ஆக இன்னும் மங்கியது. கல்லுக்குப் போவதும் ஒரே நாளில் நிற்கவில்லை. அவர் வரக் கொஞ்சம் தாமதமானாலும் கடையை அப்படியே போட்டுவிட்டுக் கல்லுக்கு ஓடுவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மற்ற நாளும் வந்தார். பேரப் பிள்ளைகளைப் பார்த்து, காய்ச்சலில் ஒரு வாரம் கிடந்து, தன் கட்டிலில் படுத்துப் போய்ச் சேர்ந்தார். கடல் அவரை எடுக்கவில்லை.

நினைவுத் திருப்பலி முடிந்து அவர் மகன் மைக்கில் பேசினான். மைக்கும் என்னுடையதுதான். அப்பாவை மீட்டுத் தந்தது அம்மா மாதாவுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியும், கடைசிக் காலத்தில் காது மெஷின் எழுதிக் கொடுத்த டாக்டரும் என்று சொல்லி இறங்கிவிட்டான். மாதாவுக்கு நன்றி சொல்லட்டும், நானும் மண்டியிட்டவன்தான். டாக்டருக்கும் சொல்லட்டும். ஆனால் அந்த மெஷின் வருவதற்கு முன்னால், அத்தனை வருஷமும் அவரைக் கல்லிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து மனுஷர் நடுவில் உட்காரவைத்தது எது? அடுத்த வருஷத் திருப்பலியில் அவன் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "என் சித்தப்பா தன் கையால் ஸ்பீக்கர் பெட்டி அடித்து என் அப்பாவைக் காப்பாற்றினார்." இந்த ஒரு வரி எனக்குச் சேர வேண்டியது. நான் உயிரோடு இருக்கும்போதே சொல்ல வேண்டும்.