ஆகாசத்துக்கும் அனுமதி வேண்டும்

கொச்சியின் கொச்சங்காடியில் நாங்கள் வளர்ந்த தெருவைப் புது ட்ரோனில் படமெடுத்து, மும்பையிலுள்ள அக்காவுக்கு அனுப்ப ஆசைப்பட்டேன். கல்யாணப் பந்தல் போடுமுன் அப்பா வீடு வீடாகச் சொல்லி வருவார். அதுபோல நானும் எல்லா வீட்டிலும் சம்மதம் கேட்டேன். பலர் பழைய கதை பேசி, சாயாவும் தந்தார்கள். ட்ரோனைக் கிளப்பும்போது போலீஸ் ஜீப் வந்தது.

“தெருக்காரா எல்லாரும் சம்மதிச்சிருக்கா சாரே,” என்றேன்.

“ஆகாசம் தெருக்காரரோடதா சேட்டா? பக்கத்துல நேவி பேஸ் இருக்கு. அனுமதியில்லாம பறந்திருந்தா கேஸ் ஆயிருக்கும்,” என்றார் எஸ்.ஐ.

இப்போதெல்லாம் ட்ரோன் பறக்கவிட முறைப்படி அரசு அனுமதி வாங்கிய பிறகுதான் வீடு வீடாகப் போகிறேன். அன்று அக்காவுக்கு அனுப்பியது, மொபைலில் எடுத்த ஒரே படம். எல்லா வாசலிலும் ஆட்கள், வராத ட்ரோனைத் தேடி மேலே பார்த்துச் சிரித்தபடி.