ஏழாவது விளைச்சல்

புனேயில் புதிய பிரிவுக்கு வரச் சம்மதமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மனதுக்குள் பட்டியல் போட்டேன். விடுதி, சம்பளம், மொழி எல்லாம் சரியாக வந்தன. இடறியது அப்பாவின் கால்விரல் புண்தான். சர்க்கரை இறங்கினால் புண் ஆறும். புண் ஆறினால்தான் எங்கள் ஊரான கோரமண்டலை விட்டு நான் கிளம்ப முடியும்.

சர்க்கரை இறங்கவில்லை. தினமும் காலை ஜெபம் முடிந்ததும் அம்மா அவருக்கு ஒரு கரண்டி தேன் கொடுத்துவந்தார்.

"சுகர் ஏறும்மா."

"வேதத்துல சொன்ன தேனுடி. அது இன்னா பண்ணும்?"

அப்பா கரண்டியை நக்கியபடி, "என்ன நடுவுல இழுக்காதீங்க," என்பார்.

அந்த செப்டம்பரில், வேலை விஷயமாக நான் தினமும் பேசும் இஸ்ரேல்காரப் பெண், யூதப் புத்தாண்டுக்கு ஆப்பிளைத் தேனில் தோய்த்துச் சாப்பிடுவதைப் பற்றிச் சொன்னாள். அவள் வீட்டில் பேரீச்சம்பழத்தை வேகவைத்து, பிழிந்து, காய்ச்சிய கறுத்த பாகும் உண்டாம். பழைய எபிரெய நூல்களில் தேன் என்று வருவது பல இடங்களில் இந்தப் பாகுதானாம்.

வேதத்தில் வரும் வாக்களிக்கப்பட்ட தேசத்தின் ஏழு விளைச்சல்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன்: கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன். ஆறும் மண்ணில் விளைபவை. ஏழாவது மட்டும் தேனீயிடமிருந்து வருமா?

மறுநாள் காலை அம்மாவிடம் இதை விளக்கினேன்.

"அப்போ நான் குடுக்கிறது அந்தத் தேன் இல்லியா?"

"இல்லம்மா."

அம்மா தேன் பாட்டிலை மூடினார். அன்றைக்கே புனேக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

மாலை வீடு திரும்பியபோது, அம்மா ஆண்டர்சன்பேட்டையில் வாங்கிய பேரீச்சம்பழ சிரப் மேசையில் இருந்தது.

"தப்பானத குடுத்துக்கினு இருந்திருக்கேன். அதான் புண்ணு ஆறல!"

"இதுவும் சக்கரதாம்மா."

"நீதானடி சொன்ன?"

அப்பா அதற்குள் ருசி பார்த்திருந்தார். "தேன விட சோக்கா கீது."

மறுநாள் வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து, புனேக்கு வர இயலாது என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'வீட்டுச் சூழல்' என்று போட்டேன். பேரீச்சம்பழப் பாகு என்றால் யாருக்குப் புரியும்?

புனேக்குப் போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. ஆப்பிளை நறுக்கி, மேலே பாகை ஊற்றி, எனக்கும் அப்பாவுக்கும் வைத்தார்.

"சாப்டு. அங்க யாரு இப்படிக் குடுப்பாங்க?"

அம்மா உள்ளே போனதும் அப்பாவின் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் முறைத்தார். இரண்டையும் நானே தின்று முடித்தேன். நாளைக் காலையும் கரண்டி வரும்போது நான் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.