லாத்தாவின் குரலுக்கு ஒரு சிடி

செத்துப்போன கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "இதத் தூக்கிக் கடாசிட்டு புதுசு வாங்குங்க அண்ணாச்சி" என்பதுதான். தச்சநல்லூரில் சர்வீஸ் கடை போட்ட நாளிலிருந்து இதே பேச்சு. காலாவதியான பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பத்து வருஷமாகத் திறந்தே பார்க்காத கல்யாண போட்டோ என்பார்கள். ஆனால் மச்சானிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மச்சான் என் லாத்தாவின் மாப்பிள்ளை, அதாவது புருஷன். மேலப்பாளையத்தில் நாங்கள் கூடப்பிறந்த அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். உம்மா சீக்கிரமே மௌத்தாகிவிட்டதால் எனக்குச் சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, முதுகில் நாலு வைத்தது எல்லாமே லாத்தாதான். மச்சானுக்கு ஜவுளிக்கடையில் வேலை. பேப்பர் படிக்காவிட்டால் காலைச் சாயா தொண்டையில் இறங்காத மனிதர். நாற்பதைத் தாண்டியதும் கண் நரம்பு கெட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகு லாத்தா தினமும் பேப்பரை வாசித்துக் காட்டினாள். மீன் கழுவ வேண்டும், துணி துவைக்க வேண்டும், இதற்கிடையில் முழுப் பேப்பரையும் வாசிக்க வேண்டும். தொண்டை கட்டிக்கொண்டு பல நாள் இருமிக்கொண்டே இருப்பாள்.

அப்போதுதான் பக்கத்துத் தெருவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு ஆள் தேடிக்கொண்டு வந்தாள். யாராவது தமிழ் எழுத்து முழுவதையும் மைக்கில் சொல்லிக் கொடுத்தால், கம்ப்யூட்டரில் அடித்த தமிழை அதே குரலில் வாசிக்கிற புரோகிராம் ஒன்றை எழுதிவிடுவேன் என்றாள். லாத்தா உட்கார்ந்தாள். சத்தம் விழக்கூடாது என்று ஃபேனை அணைத்து, சன்னலைச் சாத்தி, வேர்த்து ஒழுக மத்தியானம் மத்தியானமாக எழுத்துகளைச் சொன்னாள். ஙகர வரிசை வந்தபோது சிரித்துவிட்டாள். "இதெல்லாம் எவன் வந்து கேக்கப் போறான்? விட்டுட்டுப் போவோம்ட்டீ" என்றாள். அந்தப் பெண் விடவில்லை. இவ்வளவு பார்த்தும் 'கு' என்று சொல்லும்போது தெருவில் போன ஒரு சைக்கிளின் மணி அதில் விழுந்துவிட்டது. அதைத் திரும்பப் பதியாமலே விட்டுவிட்டார்கள். தமிழில் எத்தனை 'கு' வரும் என்பது செய்தி வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதலமைச்சர் டெல்லிக்குப் போனாலும் மணி அடிக்கும், பாபநாசம் அணைக்குத் தண்ணீர் வந்தாலும் மணி அடிக்கும்.

குரல் விட்டுவிட்டுத்தான் வரும். இழுத்து இழுத்து வாசிக்கும். ஆனாலும் அது லாத்தாவின் குரல். அவள் அடுப்படியில் நிற்பாள், முன்னறையில் அவளே செய்தி வாசிப்பாள். "எனக்கு ரெண்டு பொண்டாட்டிலா" என்று மச்சான் சொன்னால், "அப்படின்னா சாயாவ அவகிட்டயே கேட்டுக்கிடுங்க" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

சர்க்கரை முற்றிக் கிட்னி போய் லாத்தா மௌத்தானது முந்தின வருஷம். அதற்குப் பிறகும் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குப் போகிற வழியில் நான் அன்றைய செய்திகளை எடுத்து அதில் போட்டுவிட்டுப் போவேன். மச்சான் ஒரு பட்டனைத் தட்டினால் லாத்தா வாசிப்பாள். மௌத்தானவளின் சத்தத்தை இப்படி வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாமா என்று ஜமாத்தில் ஒன்றிரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். லாத்தாவின் குரல் வேறு எதிலும் கிடையாது. போனில் வீடியோ எடுக்கப் போனாலே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போய்விடுவாள்.

போன ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒருநாள் பெட்டி புகைந்துவிட்டது. மச்சான் போன் பண்ணினார். "ஏலே, அவ பேச மாட்டேங்கா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்றார். நான் போய்ப் பார்த்தபோது மதர்போர்டு கருகி நாறிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பித்திருந்தது. "ரெண்டு நாள்ல சரி பண்ணித் தாரேன் மச்சான்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிவந்தேன்.

ரெண்டு நாளாவது ஒன்றாவது. அந்த ஹார்ட் டிஸ்கைப் புது மெஷினில் மாட்டினால் நீலத் திரை வந்து நின்றுவிடும். அதிலிருந்த விண்டோஸ் எந்தக் காலத்தையோ சேர்ந்தது. அதைச் செய்தவர்களே இனி எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவிவிட்டார்கள். இன்றைய போர்டில் ஹார்ட் டிஸ்க் எந்த மூலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சரி, புரோகிராமை எடுத்துப் புது விண்டோஸில் போடலாம் என்றால் அது திறக்கவே மாட்டேன் என்றது. எழுதிய பெண் இப்போது கல்யாணமாகி சவூதியில், தம்மாமில் இருக்கிறாள். போன் பண்ணினேன். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள், அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "காக்கா, அந்தப் புரோகிராம் கோடெல்லாம் எப்பவோ போச்சு. எழுத்துச் சத்தத்த எல்லாம் ஒரே ஃபைலுக்குள்ள திணிச்சு வச்சேன், எப்படித் திணிச்சேம்னு எனக்கே இப்பம் மறந்துபோச்சு. அந்தப் பழைய விண்டோஸ்லதான் ஓடும்" என்றாள். பாவம், அழுதுவிட்டாள்.

புது விண்டோஸுக்குள்ளேயே பழையதை அடைத்து ஓட்டுகிற வழி ஒன்று உண்டு. அதையும் செய்து பார்த்தேன். குரல் வந்தது. ஆனால் சத்தம் வெட்டி வெட்டி, நடுங்கி நடுங்கி வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசிக் காலத்தில் லாத்தா அப்படித்தான் பேசினாள். நான் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அதை மச்சானுக்குக் கேட்கக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பழைய போர்டுகளைத் தேடிப் பிடித்தேன். கடையில் ஓட்டிப் பார்த்ததில் ஒன்றுகூட ஒருவாரம் தாங்கவில்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. பழைய விண்டோஸின் சிடியை அப்படியே கம்ப்யூட்டரில் இறக்கி, புதுப் போர்டின் ஹார்ட் டிஸ்கையும் ஸ்பீக்கரையும் அடையாளம் காட்டுகிற டிரைவர்களை அதற்குள் செருகி, மறுபடியும் தானாகவே பூட் ஆகிற சிடியாக எழுத வேண்டும். அந்த சிடியிலிருந்து புதுப் பெட்டியில் பழைய விண்டோஸை ஏற்ற வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் எந்த டிரைவர் அந்தப் போர்டோடு ஒத்துப்போகும் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. ரஷ்யாக்காரன் ஒருவனும் பிரேசில்காரன் ஒருவனும் எந்தக் காலத்திலோ இணையத்தில் சண்டை போட்டுக்கொண்டதைப் படித்துப் படித்து நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

வெற்று சிடி வாங்கப் போனால் ஜங்ஷன் கடைகளில் எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டுடியோவின் பரணில் தூசி படிந்த கட்டு ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு சிடியாக எழுதுவேன். போடுவேன். ஃபைல்கள் ஒவ்வொன்றாக ஏறும். பாதி வந்ததும் நீலத் திரை விழும். திரும்ப டிரைவரை மாற்றி வேறு சிடி எழுதுவேன். ஒன்றில் ஹார்ட் டிஸ்க் தெரிந்தது, கீபோர்டு வேலை செய்யவில்லை. இன்னொன்றில் எல்லாம் ஏறியது, சத்தம் மட்டும் வரவில்லை. குரலுக்காகச் செய்கிற காரியத்தில் சத்தம் வரவில்லை என்றால் எரிச்சல் வராதா? அந்த சிடியைக் கையாலேயே உடைத்தேன். விரலில் ரத்தம் வந்தது. கடைக்கு வந்த கஸ்டமர் ஒருவரை அன்றைக்குக் காரணமே இல்லாமல் திட்டி அனுப்பினேன்.

இதற்கிடையில் மச்சான் மெலிந்துகொண்டே போனார். சாயங்காலம் போனால் இருட்டில் உட்கார்ந்திருப்பார். விளக்கு அவருக்கு வேண்டியதில்லைதான், ஆனால் லாத்தா இருந்தபோது அந்தி மஃரிப் தொழுகைக்கு விளக்கு போடாமல் இருந்ததில்லை. போனில் செய்தி வாசிக்கிற வசதியை வைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, "இது எவளோ ஒருத்தி. எனக்கு வேண்டாம்லே. அவ சத்தம் வந்தாப் போதும், வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்றார். என் கையால் ஆகாமல் போய்விட்டால் லாத்தாவை இரண்டாம் தடவை அடக்கம் பண்ணினது போலாகிவிடுமே என்று பயமாக இருந்தது.

ஒருநாள் முற்பகலில் சிடி ஒன்று முழுவதும் ஓடி முடித்தது. நீலத் திரை வரவில்லை. புரோகிராமை ஏற்றி, பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து அந்தச் சத்த ஃபைலைக் கொண்டுவந்து வைத்தேன். கைக்குக் கிடைத்த செய்தி ஒன்றைப் போட்டுப் பட்டனைத் தட்டினேன். "தாமிரபரணி ஆற்றுக்கு" என்று லாத்தா சொன்னாள். சைக்கிள் மணி அடித்தது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். "பைய வைலே, பைய" என்று அவர் வாசலுக்கே வந்துவிட்டார். பெட்டியைத் தடவிப் பார்த்தார். "இது அது இல்லையே" என்றார்.

"பெட்டிதான் புதுசு மச்சான். உள்ள இருக்கது பழைய ஆளுதான்" என்றேன்.

செய்தியைப் போட்டேன். வாசிக்க ஆரம்பித்தது. மச்சான் அசையாமல் கேட்டார். முதல் மணி அடித்ததும் முகம் அப்படியே இளகிவிட்டது. இரண்டாவது செய்தியும் மூன்றாவதும் ஓடின. நான் எழுந்துபோய் அடுப்பில் சாயா போட்டேன். இவ்வளவு நாள் பட்ட பாடு தீர்ந்தது என்று சந்தோஷமாகவே இருந்தது. சாயாவைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் செய்தியை நிறுத்திவிட்டு, "தள்ளிக்கோ. நான் ஒண்ணு அடிக்கேன்" என்றார்.

ஜவுளிக்கடையில் தமிழில் பில் அடித்துப் பழகிய விரலால் கீபோர்டைத் தடவித் தடவி அடித்தார். பட்டனைத் தட்டினார். லாத்தாவின் குரலில் மச்சானுடைய பெயர் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் அந்தத் தலைமுறைப் பெண்கள் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்குகிற இடத்திலும் பெயர் கேட்டால் லாத்தா என் விலாவில் முழங்கையால் இடிப்பாள், நான்தான் சொல்ல வேண்டும். "நீ சொன்னா என்ன, வாய் வெந்தா போயிரும்?" என்று அவளை எத்தனையோ தடவை சீண்டியிருக்கிறேன். கிள்ளு வாங்கியதுதான் மிச்சம். மச்சானுக்கும் எனக்கும் தெரிந்தவரைக்கும் அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை.

மச்சான் திரும்பவும் தட்டினார். திரும்பவும் பெயர் வந்தது. இன்னொரு தடவை தட்டினார்.

"எஞ் சத்தத்த வச்சு உங்க பேரச் சொல்ல வச்சிராதியன்னு அப்பமே எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா" என்றார். "அவ மௌத்தான பொறவும் நான் அத மீறல. இந்தப் பெட்டி நின்னுபோச்சு பாரு, அதுக்குப் பொறவுதான் மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு. மறுபடி வந்தா ஒரே ஒரு தடவை கேட்டுறணும்னு இருந்தேன்."

"அதான் கேட்டுட்டியள்லா மச்சான்" என்றேன்.

"ஆஸ்பத்திரியில கடைசியாக் கேட்டேம்லே அவகிட்ட. எம் பேர ஒரு தடவ சொல்லேம்ட்டின்னு. மூச்சு வாங்கிட்டுக் கெடக்கா, அப்பமும் சொல்லல. சிரிச்சா. எனக்குக் கேட்டுச்சு" என்றார். பிறகு கீபோர்டைத் தள்ளிவைத்தார். "இது அடிச்ச ஒடனே சொல்லிருச்சு. மூடிரு."

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "என்ன மச்சான் வெளையாடுதியளா? கடையப் போட்டுட்டு நாய் மாதிரி அலைஞ்சிருக்கேன். எத்தன சிடி, எத்தன போர்டு. இப்பம் மூடிருன்னா? என்ன கொற இருக்குன்னு சொல்லுங்க, சரி பண்ணித் தாரேன்" என்று கத்தினேன்.

மச்சான் என் பக்கமாகக் கையை நீட்டினார். தோள் அகப்படும்வரை காற்றில் துழாவினார்.

"ஒன் வேலையில ஒரு கொறையும் இல்லலே" என்றார். "அவதான் இல்ல."

நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். லாத்தாவை அடக்கம் பண்ணிய அன்றைக்குக்கூட நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முன்னால் ஒருவர் அழவில்லை. அன்றைக்கு அழுதோம்.